ரிடன்டன்ட்: உபரியா, கைகாவலா?

பெருந்துறை வாசகர் கேட்டது, 06.07.2024

பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒரு சர்வர் நின்றால் இன்னொன்று ஓட வேண்டும், ரிடன்டன்சி இல்லாத வடிவமைப்பு வடிவமைப்பே இல்லை என்கிறார் பேராசிரியர். அதே வாரம் இங்கிலாந்தில் இருக்கும் என் மாமாவுக்கு வேலை போய்விட்டது. கடிதத்தில் போட்டிருக்கும் சொல்லும் ரிடன்டன்ட்தான். செய்முறை அறிக்கையை நான் தமிழில் எழுத வேண்டும். அகராதியில் ‘மிகைமை’ இருக்கிறது, ‘தேவையின்மை’யும் இருக்கிறது. ‘தேவையின்மை’ என்றே எழுதிவிடலாம் என்பது என் கட்சி. தேவையானதாக இருந்தால் அதற்கு ஏன் இந்தப் பெயர் வந்தது?

06.07.2024, இரவு 10.20

அப்படி எழுதாதீர்கள். அறிக்கையைப் படிக்கும் யாராவது மின்சாரச் செலவு மிச்சம் என்று இரண்டாவது சர்வரை அணைத்துவிடுவார்.

எனக்கு அன்னூரில் மோட்டார் வைண்டிங் கடை. அதற்கு முன் 19 வருடம் ஒரு நூற்பாலையில் எலக்ட்ரிகல் மெயின்டனன்ஸ். உங்கள் மாமாவுக்கு வந்த கடிதம் எனக்கும் வந்தது. எங்கள் மில்லில் அதற்கு ‘உபரி’ என்று பெயர். ஆகவே இந்தச் சொல்லோடு எனக்குச் சொந்தப் பகை உண்டு, நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள்.

07.07.2024, காலை 6.05

தூக்கம் வரவில்லை. மூலச்சொல்லைப் பார்த்தேன். லத்தீனில் அலைக்கு ‘உண்டா’. அதிலிருந்து வந்த ‘ரெடுண்டாரே’ என்றால் பொங்கி வழிவது. ஏரி நிறைந்து கரை தாண்டுகிற காட்சி. நம் ‘உபரி’ வடமொழியிலிருந்து வந்தது. மேலே என்று பொருள். அணை நிறைந்தால் நாளிதழில் ‘உபரி நீர் திறப்பு’ என்று போடுகிறார்களே, லத்தீன்காரன் பார்த்த காட்சியும் ஏறக்குறைய அதுதான்.

ஆனால் இந்தச் சொல்லுக்கு நாம் தரும் மரியாதை ஆளுக்கு ஆள் மாறுகிறது. உபரி நீர் என்றால் மலர் தூவுகிறோம். உபரி வருவாய் என்றால் கைதட்டல். உபரி ஆசிரியர் என்றால் பணிநிரவல் உத்தரவைக் கையில் கொடுத்து நாற்பது கிலோமீட்டருக்கு அப்பால் அனுப்புகிறோம். சொல் ஒன்றுதான். வழிவது தண்ணீராகவும் பணமாகவும் இருந்தால் சரி, ஆளாக இருந்தால் தொந்தரவு.

07.07.2024, காலை 6.30

பாட்டியிடம் கேட்டால் வேறு சொல் கிடைக்கும். ஊருக்குப் போகும்போது சேலை முனையில் கூடுதலாக ஐம்பது ரூபாய் முடிந்துகொள்வார். எதற்கு என்று கேட்டால் “கைகாவலுக்கு” என்பார். செலவுக்கென்று எடுத்து வைத்த பணம் வேறு, இது வேறு. இது செலவாகாமல் திரும்பி வந்தால்தான் அவருக்கு மகிழ்ச்சி. உங்கள் இரண்டாவது சர்வர் அந்த ஐம்பது ரூபாய். ‘கைகாவல்’ என்று எழுதிப் பாருங்கள்.

08.07.2024, மாலை 7.40

கோபிக்காரர் ஒருவர், ஸ்டெப்னி என்று எழுதினால் சர்வர் முதல் சின்னவீடு வரை எல்லாருக்கும் புரியுமே என்கிறார். புரியும். பேராசிரியருக்கும் புரிந்துவிடும், அதுதான் சிக்கல்.

ஆனால் ஸ்டெப்னி நல்ல உதாரணம். வேல்ஸ் நாட்டில் லனெல்லி என்ற ஊரின் ஒரு தெருப் பெயர் அது. 1900-களின் தொடக்கத்தில் அங்கே மாற்றுச் சக்கரம் செய்து விற்றார்கள். தெருவின் பெயர் சக்கரத்துக்கு ஒட்டிக்கொண்டது. அதைச் சுமந்து திரிவது வீண் எடை என்று இப்போது நினைக்கிறார்கள். டியூப் இல்லாத டயர், காற்றழுத்தம் காட்டும் கருவி, பஞ்சர் ஒட்டும் பெட்டி மூன்றும் இருந்தால் கார்களில் ஸ்டெப்னி கட்டாயமில்லை என்று 2020-இல் விதியைத் தளர்த்தினார்கள். போன மாதம் சத்தியமங்கலம் மலைப்பாதையில் அப்படி ஒரு புதுக் கார் நின்றது. டயரின் பக்கவாட்டுச் சுவர் கிழிந்திருந்தது. ஒட்டுகிற பெட்டிக்கு அங்கே என்ன வேலை? என் பழைய வண்டியின் ஸ்டெப்னியும் அதற்குப் பொருந்தவில்லை. நான் வேடிக்கைதான் பார்த்தேன்.

எங்கள் வீட்டுக் கதை ஒன்று. அப்பா பீரோவுக்கு மாற்றுச் சாவி செய்து வைத்திருந்தார். எங்கே? அதே வளையத்தில். வளையம் ஒரு நாள் வாய்க்காலில் விழுந்தது. அடுத்த முறை செய்த மாற்றுச் சாவியைப் பத்திரமாகப் பீரோவுக்குள் வைத்தார்.

11.07.2024, இரவு 9.50

மில் கதைக்கு வருகிறேன்.

நூற்பாலையில் டிரா பிரேம் என்று ஒரு மெஷின் உண்டு. முதல் முறை பார்ப்பவருக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். கார்டிங்கிலிருந்து, அதாவது பஞ்சைச் சீவும் மெஷினிலிருந்து, வந்த பஞ்சுத் திரி எட்டு கேன்களில் வந்து நிற்கும். எட்டுத் திரியையும் ஒன்றாக உள்ளே விட்டு எட்டு மடங்கு இழுப்பார்கள். வெளியே வருவது ஒரே திரி, உள்ளே போனதன் அதே தடிமன். புதிதாகச் சேர்ந்த நாளில் பிட்டரிடம், “அண்ணா, எட்டைப் போட்டு ஒன்றை எடுக்கிறீர்களே, மீதி ஏழு எங்கே?” என்று கேட்டேன். “ஏழும் உள்ளேதான் இருக்கிறது, பார்க்கத் தெரிந்தால் பார்” என்றார்.

திரியில் ஓரிடம் தடிப்பாகவும் ஓரிடம் மெலிந்தும் இருக்கும். எட்டுத் திரியின் மெலிந்த இடங்களும் ஒரே நேரத்தில் ஒன்றுசேர்வது அபூர்வம். ஒன்று மெலிகிற இடத்தில் இன்னொன்று தடிப்பாக இருந்து ஈடு கொடுக்கும். கணக்குப்படி, ஏற்ற இறக்கம் எட்டின் வர்க்கமூலத்தால் குறைய வேண்டும். அதாவது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிடும். அதையே இரண்டாவது டிரா பிரேமில் மறுபடியும் எட்டு எட்டாகச் சேர்த்தால், கடைசித் திரிக்குள் 64 திரிகள் இருக்கின்றன. கண்ணுக்குத் தெரிவது ஒன்று.

கூடுதலாகச் சேர்த்த ஏழும் ஓரமாக உட்கார்ந்து முறை வருவதற்குக் காத்திருக்கவில்லை. எட்டில் எது உபரி என்று கேட்டால் எதைக் காட்டுவது? ஸ்டெப்னி டிக்கியில் தூங்குகிறது, இவை ஓடிக்கொண்டே ஒன்றுக்கொன்று காவல் இருக்கின்றன. இரண்டையும் ஆங்கிலத்தில் ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள்.

12.07.2024, காலை 7.10

நேற்று எழுதியதில் ஒரு குறை. இழுக்கும்போது மெஷினே தன் பங்குக்குப் புது ஏற்ற இறக்கத்தைச் சேர்க்கும். ரோலர் தேய்ந்திருந்தால் அதன் சுற்றளவுக்கு ஒருமுறை மேடு பள்ளம் விழும். எனவே ‘மூன்றில் ஒரு பங்கு’ காகிதக் கணக்குதான், தரைக்கணக்கு அதைவிட மோசம். பல்லடத்திலிருந்து திருத்தியவருக்கு நன்றி. நூற்பு மாஸ்டராக இருந்தவர் போலிருக்கிறது. அந்தக் கோபம் அவர்களுக்குத்தான் வரும்.

அவர் சொன்ன இன்னொன்றுதான் முக்கியம். எட்டு கேனும் ஒரே கார்டிங் மெஷினிலிருந்து வந்தால், அந்த மெஷின் தடிப்பாக ஓடிய நாளில் எட்டும் தடிப்பாக இருக்கும். எட்டைச் சேர்த்தும் பயனில்லை. அதனால்தான் கேன்களை வெவ்வேறு கார்டிங்கிலிருந்து கலந்து வைக்கச் சொல்வார்கள். ஆள் பற்றாக்குறை இருக்கும் ஷிப்டில் யார் நடந்து போய்க் கலக்கிறார்கள்? கையருகே இருக்கும் எட்டைத் தள்ளிவிடுவார்கள்.

எட்டு இருந்தும் ஒன்று. அப்பாவின் சாவி வளையம் மாதிரி.

12.07.2024, இரவு 11.00

சாவி என்றதும் ஜெனரேட்டர் ஞாபகம் வந்தது. 2012 மின்வெட்டுக் காலம். கோவையில் அப்போது தொழில் செய்தவர்களிடம் அந்த வருடத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், விடிய விடியச் சொல்வார்கள். எங்கள் மில்லில் இரண்டு ஜெனரேட்டர். ஒன்று ஓடும், மற்றது கைகாவலுக்கு. வந்தவர்களையெல்லாம் மேனேஜர் அழைத்துப் போய்க் காட்டுவார்.

ஒரு மழை நாள் இரவு ஒன்று திணறி நின்றது. இரண்டாவது தானாக எழுந்து சுமையை வாங்கியது. கைதட்டாத குறை. நான்கு நிமிடத்தில் அதுவும் திணறி நின்றது. இரண்டுக்கும் டீசல் போவது ஒரே டேங்கிலிருந்து. மேல்மூடி சரியாக மூடாமல் மழைத்தண்ணீர் இறங்கியிருந்தது. இரண்டு இன்ஜின், இரண்டு பேட்டரி, இரண்டு பேனல், ஒரு மூடி.

அந்த மூடி யார் பொறுப்பு என்று கேட்பீர்கள். என் பொறுப்பு. உபரி என்று என்னை அனுப்பிய கதையை எழுதும்போது இதை மறைத்தால் நியாயமாகாது.

14.07.2024, மதியம் 2.15

விமானத்தில் இப்படியெல்லாம் நடக்காது என்று எழுதியிருக்கிறார் ஒருவர். நடந்திருக்கிறது. 1989 ஜூலையில் அமெரிக்காவில் ஒரு டிசி-10. அதன் இறக்கையிலும் வாலிலும் இருக்கும் திருப்புப் பலகைகளை அசைக்க மூன்று தனித்தனி ஹைட்ராலிக் (எண்ணெய் அழுத்த) அமைப்புகள். ஒன்று போனாலும் இரண்டு, இரண்டு போனாலும் ஒன்று. வால் பகுதி இன்ஜினின் விசிறித்தட்டு வெடித்தது. சிதறல்கள் மூன்றின் குழாய்களையும் அறுத்துவிட்டன. மூன்றும் வாலில் பக்கம் பக்கமாக ஓடியதுதான் காரணம்.

விமானிகள் மிச்சமிருந்த இரண்டு இன்ஜின்களின் வேகத்தை மாற்றி மாற்றியே விமானத்தைத் திருப்பினார்கள். 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். இன்ஜினால் திருப்பலாம் என்று யாரும் அதைக் கைகாவலாக வடிவமைக்கவில்லை. எழுதி வைத்த காவல் மூன்றும் போன இடத்தில், எழுதாத காவல் ஒன்று கைகொடுத்தது.

14.07.2024, மாலை 6.00

இதை எழுதிவிட்டு டீ குடிக்கப் போனேன், பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன். உங்கள் கேள்விக்கே ஒரு விபத்து இருக்கிறது.

1996 ஜூன் 4, ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். திசையும் சாய்வும் சொல்ல இரண்டு கணினிகள். ஒன்று ஓட, மற்றது கைகாவல். சுமார் 37 விநாடியில் இரண்டும் கையை விரித்தன, ராக்கெட் திசை மாறி உடைந்தது. இரண்டிலும் ஒரே மென்பொருள். ஓர் எண் அளவுக்கு மீறிப் பெரிதாகி முதல் கணினி தடுமாறினால், அதே எண்ணைப் பார்க்கும் இரண்டாவதும் தடுமாறத்தானே செய்யும்? சொல்லப்போனால் கைகாவல் கணினிதான் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் முந்தி விழுந்தது.

இதுவரை ஜெனரேட்டர் கதைதான். அடுத்ததைக் கேளுங்கள். அந்த எண்ணைக் கணக்கிட்ட பகுதி, ராக்கெட் தரையில் நிற்கும்போது நேர்படுத்துவதற்கானது. ஏரியான் 4-க்காக எழுதியது. ஏரியான் 5 கிளம்பிய பிறகு அதற்கு ஒரு வேலையும் கிடையாது. பழையதில் இருந்தது, இருக்கட்டும் என்று விட்டிருந்தார்கள். உங்கள் ‘தேவையின்மை’ அதுதான். தேவையற்ற உபரி ஒன்று காவலுக்கு வைத்த உபரியையும் சேர்த்துக் கொன்றிருக்கிறது. உங்கள் மாமாவுக்கு வந்த சொல்லும் பேராசிரியர் சொன்ன சொல்லும் ஒரே ராக்கெட்டில் ஏறிச் செத்தன.

எனவே, பெருந்துறைக்காரரே, உங்கள் கட்சியில் பாதியை ஒப்புக்கொள்கிறேன்.

19.07.2024, இரவு 10.30

ஈரோட்டுத் தமிழாசிரியர் ஒருவர் வந்திருக்கிறார். மின்சாரம், ராக்கெட் எல்லாம் எதற்கு, இதை நம் இலக்கணமே தீர்த்துவிட்டது; கூறியது கூறல் குற்றம், மிகைபடக் கூறலும் குற்றம், நன்னூலைப் பாருங்கள் என்கிறார்.

பார்த்தேன். பத்துக் குற்றங்களில் இரண்டும் உண்டு. பெருந்துறைக்காரருக்கு ஒரு தகவல்: அதைச் செய்த பவணந்தியார் உங்கள் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்று நம் பகுதியில் சொல்வார்கள். ஆனால் ஆசிரியர் ஐயா, அதே நூலில் ‘ஒருபொருட் பன்மொழி’க்கு இடம் கொடுத்திருக்கிறாரே, அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? ‘உயர்ந்தோங்கிய மலை’ என்றால் உயர்ந்ததும் ஓங்கியதும் ஒன்றுதான், இருந்தும் சிறப்புக்காக வரலாம், குற்றமில்லை. அவசரத்தில் “பாம்பு பாம்பு” என்று அடுக்கவும் அனுமதி உண்டு. ஒருமுறை சொன்னால் போதுமே என்று பாம்பைப் பார்த்தவனிடம் சொல்லிப் பாருங்கள்.

நாம் தினமும் கட்டும் அரைஞாண் கயிற்றில் ‘ஞாண்’ என்றாலே கயிறுதான். நடுமையத்தில் நடுவும் மையமும் ஒன்று. ஏடிஎம் ‘பின்’ (PIN) நம்பர் கதை தெரிந்ததே, அதன் கடைசி எழுத்தே நம்பர்தான்.

20.07.2024, காலை 8.00

வினைச்சொல்லைப் பாருங்கள். ‘வந்தேன்’ என்றாலே நான்தான். ‘நான்’ உபரி. அமைதியான அறையில் விட்டுவிடலாம். ஸ்பின்னிங் ஹாலில் நின்று பேசும்போது ‘நா...ந்தேன்’ என்று அரைகுறையாகக் காதில் விழுந்தாலும், இரண்டில் ஒன்று பிழைத்து வந்து சேர்ந்துவிடும். அதே சமயம், ‘பத்து ஆடு வாங்கினேன்’ என்கிறோம், ‘கள்’ போடுவதில்லை. பத்து என்ற பிறகு பன்மை விகுதி எதற்கு என்று தமிழ் நினைக்கிறது. ஆங்கிலம் அதை விடாது. எங்கே சிக்கனம், எங்கே தாராளம் என்பதில் ஒவ்வொரு மொழிக்கும் ஒரு குடும்ப வழக்கம் இருக்கிறது.

கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1948-இல் எழுதிய கட்டுரையில், சாதாரண ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய பாதி மிகை என்று கணக்கிட்டார். எழுதுகிறவன் தேர்ந்தெடுப்பது பாதி, மொழி தன் அமைப்பால் நிரப்புவது பாதி. அந்தப் பாதி இல்லாவிட்டால் ஓர் எழுத்துப் பிழை வேறொரு சரியான சொல்லாகிவிடும், பிழை என்று கண்டுபிடிக்கவே வழி இருக்காது. ஆதாரின் 12 இலக்கங்களில் கடைசி ஒன்றுக்கு அந்த வேலைதான். முன்னால் இருக்கும் பதினொன்றிலிருந்து கணக்கிட்டது அது. தன்னளவில் புதிய தகவல் எதையும் சொல்லாது, ஓர் இலக்கத்தை மாற்றி அடித்தால் காட்டிக் கொடுக்கும்.

20.07.2024, காலை 8.40

தமிழாசிரியர் இப்போது சொன்னது என் எல்லா உதாரணத்தையும்விட நன்றாக இருக்கிறது. ஓலைச்சுவடியில் புள்ளி வைக்கமாட்டார்கள், குறில் நெடில் கொம்புக்கும் வேறுபாடு இராது, காலும் ரகரமும் ஒன்றுபோல் இருக்கும். போதாததற்குச் செல் அரித்திருக்கும். பதிப்பித்தவர்கள் எப்படிப் படித்தார்கள்? எதுகை பிடித்து. ‘அகர’ என்று முதல் அடி தொடங்கினால் அடுத்த அடி ‘பகவன்’. இரண்டாம் எழுத்து இரண்டிலும் ‘க’. ஓரிடத்தில் துளை விழுந்தாலும் மற்றது சாட்சி சொல்லும். சீர் குறைந்தால் சொல் விழுந்திருக்கிறது என்று தெரியும். காதுக்கு இனிமை என்று நாம் நினைத்த எதுகை, ஓலைக்குக் கைகாவல்.

நான் கேட்டேன்: பல சுவடிகளை ஒப்பிட்டால் இன்னும் பாதுகாப்புத்தானே? அவர் சொன்னார்: “பத்துச் சுவடியும் ஒரே பிழைபட்ட சுவடியைப் பார்த்து எழுதியதாக இருந்தால்?”

டீசல் டேங்க் மூடி. மறுபடியும்.

20.07.2024, இரவு 9.15

‘ங்க’ பற்றி யாரும் பேசவில்லையே. சரிங்க, வந்தேனுங்க, இல்லைங்க, ஆமாங்க. சென்னைக்காரர் ஒருவர் என் கடைக்கு வந்து, ஒரு மணி நேரத்தில் நாங்கள் பேசிய ‘ங்க’வை மட்டும் தனியே எடுத்தால் ஒரு மூட்டை வரும் என்றார். தகவல் கணக்கில் அது வெறும் உபரி. ஆனால் சம்பந்தி வீட்டில் ஒரே ஒருமுறை அதை விட்டுப் பாருங்கள். இருக்கும்போது எதுவும் சொல்லாத சொல், விட்ட இடத்தில் எவ்வளவு சொல்கிறது என்று தெரியும். எதிர்வீட்டில் இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நின்றது அதனால்தான்.

27.07.2024, மாலை 5.30

மாடு பூட்டிக் கிணற்று நீர் இறைக்கும் கவலை ஏற்றத்தில் இரண்டு கயிறு இருக்குமே, அதுவும் இதுதானே என்று காங்கேயத்திலிருந்து கேள்வி. இல்லை. அப்பாரு கவலை ஓட்டியதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வடம் ‘சால்’ என்ற தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்கும், வால்கயிறு அதன் அடியில் இருக்கும் தோல் குழாயான தும்பியைப் பிடித்து வைத்து மேலே வந்ததும் தண்ணீரைக் கொட்டும். ஒன்று அறுந்தால் மற்றது அதன் வேலையைச் செய்யாது. இரண்டு இருப்பதெல்லாம் கைகாவல் ஆகிவிடாது. கணவன் மனைவியும் அப்படித்தான் என்று எழுத வந்தேன், மனைவி பக்கத்தில் இருக்கிறார்.

03.08.2024, இரவு 10.00

எது வீண், எது காவல் என்று யார் தீர்மானிப்பது? கீழ்பவானி வாய்க்காலைப் பாருங்கள். பவானிசாகரிலிருந்து ஏறக்குறைய 200 கிலோமீட்டர், 2,07,000 ஏக்கர் பாசனம், மண் வாய்க்கால். வழி நெடுகக் கசியும். கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேரவில்லை, கான்கிரீட் போடுங்கள் என்று ஒரு சாரார். கசிவுதான் எங்கள் கிணற்றில் ஊறுகிறது, போடாதீர்கள் என்று இன்னொரு சாரார் பல மாதம் போராடினார்கள்.

பொறியாளரின் தாளில் கசிவு என்பது இழப்பு. கிணற்றுக்காரருக்கு வாய்க்கால் நின்ற பிறகும் நான்கு மாதம் தண்ணீர் தரும் கைகாவல். என் மாமனாரின் கிணறு அப்படிப்பட்டது. கடைமடையில் இருக்கும் என் சித்தப்பா மகனுக்கு அதே தண்ணீர் களவு போன பங்கு. இரண்டு பேரும் என் வீட்டு விசேஷத்துக்கு வந்தால் எதிரெதிர்ப் பந்தியில் உட்கார வைப்பேன். இதில் நான் யார் பக்கம் என்று கேட்காதீர்கள். மாமனார் பக்கம்.

04.08.2024, காலை 7.00

உயிரியல் மாணவி ஒருவர் நினைவூட்டினார்: மரபணு மொழியில் 64 மூன்றெழுத்துச் சொற்கள். மூன்று முற்றுப்புள்ளி, மீதி 61 சேர்ந்து குறிப்பது 20 அமினோ அமிலங்களை மட்டும். லியூசினுக்கு மட்டும் ஆறு சொல். ஓர் எழுத்து மாறினாலும் பல சமயம் பொருள் மாறாது. சரி.

கூடவே இரண்டு சிறுநீரகங்களையும் சொன்னார். அதில் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது. ஒன்றைத் தானம் கொடுத்துவிட்டு மற்றதோடு நன்றாக வாழ்கிறார்கள், உண்மை. அடிபட்டால், ஒன்றில் கல் அடைத்தால், மற்றது இருக்கிறது. ஆனால் அப்பாவுக்கு வந்தது சர்க்கரை. அது இடது வலது பார்க்கவில்லை. இரண்டும் சேர்ந்தே போயின. டாக்டர் படம் வரைந்து காட்டியபோது என் கண்ணுக்குத் தெரிந்தது இரண்டு ஜெனரேட்டரும் ஒரு டேங்கும்தான். அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை. சாவி வளையத்தை அவரே சொல்லிச் சிரித்தார்.

10.08.2024, இரவு 11.20

என் கதை.

2014. இரவு ஷிப்டுக்கு இரண்டு எலக்ட்ரீஷியன் எதற்கு, ஒருவர் போதும் என்று முடிவு செய்தார்கள். 1947 ஆம் வருடத் தொழில் தகராறுகள் சட்டப்படி கடைசியில் சேர்ந்தவர் முதலில் வெளியே. மற்ற அண்ணன் என்னைவிட நான்கு மாதம் மூத்தவர். முடித்த ஒவ்வொரு வருடத்துக்கும் 15 நாள் சம்பளம்; 19 வருடம், 285 நாள். கணக்கில் ஒரு பைசா குறைக்கவில்லை. பெருந்துறைக்காரரே, உங்கள் மாமா இருக்கும் நாட்டில் 1965-இலேயே இந்த இழப்பீட்டுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்தார்கள். பதவிதான் ரிடன்டன்ட், ஆள் அல்ல என்று அங்கே விளக்கம் சொல்வார்கள். சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டைத் தாண்டுவது பதவியா?

நான் போன பிறகு மில் ஒரு நாளாவது இருளில் மூழ்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். வெட்கமாக இருந்தாலும் உண்மை. இரண்டு வருடம் காத்திருந்தேன். மூழ்கவில்லை. ஒரே ஆளை வைத்து நன்றாகவே ஓடியது. அவர்கள் கணக்குச் சரி, நான் உபரிதான் என்று ஒப்புக்கொண்டு கடையைத் திறந்தேன்.

18.08.2024, காலை 9.00

நேற்று அத்திக்கடவு அவிநாசித் திட்டம் தொடங்கியது. காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியின் உபரி நீரை எடுத்து, ஆறு இடங்களில் நீரேற்றி, 1,045 குளம் குட்டைகளுக்கு. அறுபது வருடத்துக்கு மேலான கோரிக்கை. எங்கள் அன்னூர்ப் பக்கத்தில் ஆயிரம் அடிக்கு ஆழ்துளை போட்டும் புழுதி வந்த ஊர்கள் இருக்கின்றன. உபரி என்ற சொல்லை வைத்து இவ்வளவு நாள் சண்டை போட்டவன் நான், நேற்று அதைக் கேட்டதும் கண் கலங்கியது.

இன்று காலையிலேயே மனம் மறுகணக்குப் போடுகிறது. உபரி வந்தால்தான் குளத்துக்கு. மழை பொய்த்த வருடத்தில் ஆறும் பொய்க்கும், குளமும் பொய்க்கும். கோவை நகரத்துக்குச் சிறுவாணி ஒரு பக்கம், பில்லூர் ஒரு பக்கம் என்று இரண்டு குடிநீர். ஆனால் சிறுவாணி ஆறு போய்ச் சேர்வது பவானியில். இரண்டுக்கும் மேலே இருப்பது ஒரே தென்மேற்குப் பருவமழை. மூடி எங்கே இருக்கிறது பாருங்கள்.

01.09.2024, இரவு 8.45

10.08 குறிப்பைத் திருத்த வேண்டும். அழிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

இன்று அவிநாசிக் கோயிலில் அந்த அண்ணனைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார். உன்னை அனுப்பிய பிறகு மில் நன்றாகத்தான் ஓடியது, இல்லையா என்று அவரே ஆரம்பித்தார். பிறகு சொன்னது: “தம்பி, நீ இருந்தபோது நாம் மாறி மாறிக் காய்ச்சலில் படுத்தோம், ஞாபகம் இருக்கிறதா? நீ போன பிறகு எனக்குக் காய்ச்சலே வரவில்லை. வர விடவில்லை.” ஆறு வருடம் மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரவு ஷிப்டுக்குப் போயிருக்கிறார். மகள் சீருக்கு மதியம் வந்து, மாலை திரும்பியிருக்கிறார்.

மில் நின்றதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். நான் மில்லுக்குக் கைகாவல் இல்லை. அவருக்கு.

08.09.2024, காலை 6.50

பெருந்துறைக்காரர் எழுதியிருக்கிறார். மாமாவுக்கு வேறு வேலை கிடைத்துவிட்டதாம், மகிழ்ச்சி. அறிக்கையில் ‘கைகாவல் மாற்று ஏற்பாடு’ என்று தலைப்புப் போட்டாராம். பேராசிரியர் மிகைபடக் கூறல் என்று ஓரத்தில் எழுதி, ஒரு சொல்லைச் சிவப்பு மையால் அடித்துவிட்டாராம்.

எந்தச் சொல்லை என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே.